கவரில் சுருண்ட இலை

பஸ் ஒரு புளியமரத்துக்காக நின்றது. மரம் சாலையோரத்தில் நிற்கவில்லை, சாலைக்குக் குறுக்கே படுத்திருந்தது. நேர் வழியில் மரம் கிடக்கிறது என்று டிரைவர் உளுந்தூர்பேட்டையிலேயே வண்டியைத் திருப்பிச் சுற்று வழியில் களமருதூர்ப் பக்கம் கொண்டுவந்தார். சுற்று வழியிலும் மரம் கிடந்தது. வெட்டிய இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை.

“எல்லாரும் எறங்குங்க. இதுக்கு மேல வண்டி போவாது” என்றார் கண்டக்டர்.

“எப்பப் போகும்?” என்று கேட்டேன்.

“அத வெட்டுனவங்களத்தாம்மா கேக்கணும்” என்று மரத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினார்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. மலேசியாவில் ஜொகூரில் இருந்த எனக்கு அந்தச் சேதி எட்டவில்லை. எட்டியிருந்தால் ஒரு மாதம் தள்ளிக் கிளம்பியிருப்பேன். தள்ளிக் கிளம்பியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று இப்போது தெரிகிறது. நான் வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய கெடுதலைச் செய்து முடித்திருந்தேன்.

மரத்தின் மேல் இருந்த ஒருவர் இறங்கி வந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அரிவாள் இடுப்பில் இருந்தது. எந்த ஊர் என்று கேட்டார். சங்கராபுரம் பக்கம், இப்போது வருவது மலேசியாவிலிருந்து என்றேன்.

“அங்க நம்மாளுங்க பசங்களுக்கு வேலைல ஒதுக்கீடு குடுக்கறாங்களா?”

“ஒதுக்கீடு இருக்கு. நம்மாளுங்களுக்கு இல்ல.”

“பாத்தியா, கடலத் தாண்டிப் போனாலும் இதே கததான்” என்று பக்கத்து ஆளிடம் சொன்னவர், என் பெட்டியை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கி வைத்தார். எனக்கும் கை கொடுத்தார். வழியை மறித்தவரே வழி தாண்டவும் கை கொடுக்கிற ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்கு மேல் கொஞ்சம் மாட்டு வண்டி, நிறைய நடை. தியாகதுருகத்தில் முன்பின் தெரியாத ஒரு டீச்சர் வீட்டில் படுத்துக்கொண்டேன். காலையில் அவர் சுட்டுக் கொடுத்த தோசையைச் சாப்பிட்டு மறுபடி நடை. கடைசி நாலு மைல் ஒரு பால்காரரின் சைக்கிள் கேரியரில், இரண்டு பால் கேன்களுக்கு நடுவில், மூன்றாவது கேன் போல உட்கார்ந்து போனேன்.

எதற்காக இந்தப் பாடு என்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு விவசாயப் பண்ணையின் மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். விஞ்ஞானி இல்லை. கண்ணாடிக் குழாய் கழுவச் சேர்ந்து, இருபது வருடத்தில் இலையைப் பார்த்தே பயிருக்கு என்ன சத்துக் குறைவு என்று சொல்லும் அளவுக்குத் தேறியவள். அந்தத் தேர்ச்சியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பண்ணை இருப்பது கடலோரச் சதுப்பில். அங்கே மண் என்று நாங்கள் சொல்வது உண்மையில் மண்ணே இல்லை. ஆயிரக்கணக்கான வருடம் தண்ணீரில் ஊறி மட்கிய மரமும் வேரும் இலையும்தான். பீட் என்பார்கள். கம்பை ஊன்றினால் ஆள் உயரத்துக்கு இறங்கும். வாய்க்காலில் ஓடும் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். அதில் மரவள்ளி போடுகிறோம். அந்தப் பீட்டில் செம்புச் சத்து அறவே கிடையாது. போட்டாலும் பீட் அதை இறுகப் பிடித்துக்கொண்டு செடிக்குக் கொஞ்சம்தான் விடும். அதனால் செம்பு உப்பான மயில்துத்தத்தை நாங்கள் தாராளமாகப் போடுவோம். செம்பு இல்லாவிட்டால் மரவள்ளியின் இளம் இலை வெளுத்து, நுனி சுருண்டு கருகும். இது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

என் அப்பா சங்கராபுரத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர். அவருடைய அண்ணன் மகன் தணிகாசலம் எனக்கு அண்ணன் முறை. அவர் அந்த ஊரிலேயே ஐந்து ஏக்கர் குத்தகைக்கு எடுத்து மரவள்ளி போட்டிருந்தார். சொந்த நிலம் கிடையாது. வைகாசியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. செடி வெளுத்துக்கொண்டு வருகிறது, கவரில் ஒரு இலை வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல் என்று எழுதியிருந்தார். இலையை எடுத்தேன். வெளுத்திருந்தது, நுனி சுருண்டிருந்தது. தூருக்கு ஒரு சிட்டிகை மயில்துத்தம், ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை என்று அன்றைக்கே பதில் எழுதித் தபாலில் போட்டேன்.

ஆவணியில் இரண்டாவது கடிதம் வந்தது. செடி முன்னைவிட மோசமாகிவிட்டது, இந்த வருடம் கிழங்கு இறங்காவிட்டால் நிலத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள், நீயே நேரில் வந்து பார்த்தால் தேவலை என்று இருந்தது. லீவு போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணி பச்சையம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா சரோசா, பாதி ஆளாத்தான் வந்து சேந்துக்கிற” என்று சொல்லிக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். எங்கள் ஜொகூரில் கேழ்வரகை மாவாக டப்பாவில் அடைத்துக் குழந்தைகளுக்கு விற்கிறார்கள். இங்கே அதை உருண்டையாக்கி, நடுவில் குழி பறித்து, குழம்பை ஊற்றி விழுங்கச் சொல்கிறார்கள். மெல்லப் போனேன். மெல்லக் கூடாது என்று அண்ணி தடுத்தார்.

அண்ணனின் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். மரம் வெட்டிய கை.

“நம்ம ஊருகிட்ட இருக்கற மரத்த நாங்கதான் சாச்சோம். நீ வர்ற நாளுன்னு தெரிஞ்சிருந்தா ஒரு நாளு தள்ளி வெட்டியிருப்போம்” என்றார். கேலி இல்லை, மெய்யாகவே வருத்தப்பட்டார்.

நான் எழுதிய கடிதத்தைக் காட்டினார். சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை மறுநாள் காலை வரைக்கும் இருந்தது.

காலையில் நிலத்துக்குப் போனோம். மண்ணைப் பார்த்ததும் வரப்பிலேயே நின்றுவிட்டேன். செம்மண். அதில் வெள்ளை வெள்ளையாக உருண்டைக் கற்கள். ஒன்றை எடுத்து உடைத்தேன். மாவாக உதிர்ந்தது.

“இது என்னண்ணே?”

“சுக்கான் கல்லு. இந்தப் பக்கம் ஜாஸ்தி. சுண்ணாம்பு மாதிரி.”

சுண்ணாம்பு மாதிரி இல்லை, சுண்ணாம்பேதான். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்காது. இது முதல் பாடப் புத்தகத்தில் இருப்பது. உன் மண் எப்படிப்பட்டது என்று ஒரு வரி கேட்டிருந்தால் அண்ணன் பதில் எழுதியிருப்பார். கேட்கத் தோன்றவில்லை. உலகம் முழுக்கப் பீட்தான் என்று இருபது வருடத்தில் என் புத்திக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது.

செடிகள் எட்டு மாதம் ஆகியும் இடுப்பளவுக்குத்தான் இருந்தன. நடந்து நடந்து ஓரத்தில் மருந்து எட்டாத ஒரு செடியைக் கண்டுபிடித்தேன். மற்றவற்றைவிட உயரமாக இருந்தது. அதன் கொழுந்தைப் பிடித்துப் பார்த்தேன். இலை வெளுத்திருந்தது, நரம்பு மட்டும் பச்சை. நுனி சுருளவில்லை. தட்டையாக, கை விரித்த மாதிரி இருந்தது. இரும்பு இல்லாத இலை இப்படித்தான் இருக்கும். செம்பு இல்லாத இலைதான் சுருளும்.

அப்படியானால் எனக்கு வந்த இலை ஏன் சுருண்டிருந்தது? பதில் ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. அது கவருக்குள் இரண்டு வாரம் காய்ந்து சுருண்டது. பறித்த இலை காய்ந்தால் சுருளும் என்பது ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் இருபது வருடம் இருந்தவளுக்குத் தெரியவில்லை.

மருந்து வைத்த செடி ஒன்றைப் பிடுங்கச் சொன்னேன். லேசாக வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது. எட்டு மாத மரவள்ளியைப் பிடுங்க இரண்டு ஆள் வேண்டும். கிழங்கு விரல் தண்டிக்கு இருந்தது. சல்லி வேர் எல்லாம் கட்டையாகிக் கருகியிருந்தது. இலையில் இருந்தது ஒரு நோய். வேரில் இருந்தது என் மருந்து.

“இன்னான்னு தெரியுதா?” என்று அண்ணன் கேட்டார்.

“பாக்கறேன் அண்ணே” என்றேன். அன்று முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்ல வாய் வரவில்லை.

அன்றைக்குச் சாப்பிடும்போது அண்ணன் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். நட்ட குச்சி எல்லாம் கல்வராயன் மலையிலிருந்து வந்தவை. சடையன் என்று ஒரு மலைக்காரர், காசு வேண்டாம் என்று கட்டுக் கட்டாகக் கொடுத்தாராம். சும்மா வாங்கிக்கொண்டால் மரியாதை இல்லையே என்று, என் கடிதம் வந்ததும் அண்ணன் மறுபடி மலையேறிப் போய் அதை அவருக்குப் படித்துக் காட்டி ஒரு பொட்டலம் மயில்துத்தமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

“நம்ம பாப்பா சொன்ன மருந்து, அவருக்கும் ஒதவட்டுமேன்னு” என்றார். அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

கையில் எடுத்த களியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். மலை மண் அமிலம் மிகுந்த புளிப்பு மண், அதில் செம்பு இன்னும் சுருக்காக வேரைச் சுடும். நாளைக்கே மலைக்குப் போக வேண்டும் என்றேன்.

காலையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் ஒருவழியாகச் சொன்னேன். “அண்ணே, நான் எழுதுன மருந்து தப்பு. இந்த மண்ணுக்கு ஆகாது. செடி கெட்டது அதனாலதான்.”

அவர் பம்பை நிறுத்தவில்லை. “சரி, மேல போயி சொல்லிட்டு வந்துடலாம்” என்றார். அவ்வளவுதான். ஐந்து ஏக்கர் போகிற மனிதர் பேசுகிற பேச்சாக அது இல்லை. அதிர்ச்சியில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சங்கராபுரத்தில் கடையெல்லாம் சாத்தியிருந்தது. ஒரு நாட்டு மருந்துக் கடையில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டிருந்தார்கள். குனிந்து உள்ளே கேட்டேன். அன்னபேதி இருந்தது. இரும்பு உப்பு அது. வைத்தியத்துக்கும் ஆகும், இரும்புக் குறைவான இலைக்கும் ஆகும். கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, “இன்னா சீக்கு?” என்று கேட்டார். செடிக்கு என்றேன். இரண்டாவது தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

கச்சிராயபாளையம் போகும் வழியில் தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. அண்ணன் சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கரும்புக்குள் நுழைந்துவிட்டார். ஐம்பது வயது மனிதர் அவ்வளவு சத்தமில்லாமல் மறைவதை அன்றுதான் பார்த்தேன். எனக்கோ சைக்கிள் விடத் தெரியாது. நடு ரோட்டில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“தனியா எங்கம்மா போறீங்க?” என்று போலீஸ்காரர் கேட்டார்.

“மரவள்ளி பாக்க.”

“ஊரே பத்திக்கினு எரியுது, மரவள்ளி பாக்கப் போறாங்களாம்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுப் போனார். என்மேல் அவருக்கு வந்த எரிச்சல் எனக்கும் என்மேல் வந்தது.

மலையடிவாரத்தில் தெரிந்தவர் வீட்டில் சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்தோம். ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. வெயிலுக்குப் பயந்து முக்காடு போட்டுக்கொண்டு வந்தவள் குளிருக்கு அதையே இழுத்துப் போர்த்திக்கொண்டேன். சரிவெல்லாம் சாமை. நடு நடுவே மரவள்ளி. எங்கள் பண்ணை இருப்பது தட்டையான ஊர், பத்தடி மேட்டுக்கு அங்கே மலை என்று பெயர். மூச்சு வாங்கி மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். மூன்று இடத்திலும் அண்ணன் எனக்கு முன்னால் போய் நின்று, திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தார்.

சடையன் வீட்டில் இருந்தார். அண்ணன் வயதுதான் இருக்கும், ஒல்லியான மனிதர். வந்த காரியத்தைக் கேட்கவே இல்லை. முதலில் பானையிலிருந்து அவித்த கிழங்கை எடுத்துத் தேக்கு இலையில் போட்டு, பச்சை மிளகாயும் உப்பும் வைத்து நசுக்கிய துவையலைப் பக்கத்தில் வைத்தார். எங்கள் பண்ணைக் கிழங்கில் எப்போதும் ஒரு சதுப்பு வாடை இருக்கும். அதை மறைக்க நெத்திலி போட்ட சம்பால் என்கிற மிளகாய்த் தொக்கு வைத்துக்கொள்வோம். இந்தக் கிழங்கில் மறைக்க ஒன்றும் இல்லை. மாவாக வாயில் கரைந்தது. அவ்வளவு நல்ல கிழங்கை அவ்வளவு பயத்தோடு நான் தின்றதில்லை.

“ஐயா, அண்ணன் குடுத்த மருந்த வெச்சிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

“வாங்க, காட்டறேன்” என்றார்.

வீட்டுக்குப் பின்னால் அவருடைய காடு. சித்திரை மழைக்கு நட்ட செடிகள் பச்சைப் பசேலென்று தோளுயரத்துக்கு நின்றன. ஓரத்தில் நாலு செடி மட்டும் காய்ந்து குச்சியாக நின்றன. அந்த நாலையும் சுற்றிச் சின்னக் கற்களை அடுக்கியிருந்தார்.

“எது புதுசா வந்தாலும் ஓரத்துல நாலு செடிக்கித்தான் மொதல்ல வெப்போம். வெச்ச எட்டாம் நாளே எல கருகிச்சி. அதோட வுட்டுட்டேன். மிச்சம் மருந்து டப்பாவுலதான் கீது, எடுத்துக்கினு போங்க.”

எனக்கு உயிர் வந்தது. ஒரு காடாவது தப்பித்தது என்று அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்போது சடையன் அண்ணனைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார்.

“ஆடி மாசம் சந்தைக்கி வந்த ஆளுகிட்ட சொல்லி அனுப்பிச்சேனே, அத வெக்காதீங்க, செடி கருகுதுன்னு. வந்து சொல்லலியா?”

அண்ணன் கையில் இன்னும் ஒரு துண்டுக் கிழங்கு இருந்தது. அதில் நார் எதுவும் இல்லை, ஆனால் நாரை உரிக்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொன்னாரு” என்றார்.

“எப்பண்ணே?” என்று நான் கேட்டேன்.

“ரெண்டாவது மொற வெக்கறதுக்கு முன்னாடி.”

“அப்புறம் ஏன் வெச்சீங்க?”

“நீ எழுதியிருந்தியே. ரெண்டு மொற வெக்கணும்னு எழுதியிருந்தியே.”

அண்ணன், சடையன் பக்கத்திலேயே நிற்கிறார் என்பதையும் மறந்து, மெல்லிய குரலில் சொன்னார். “மொத மொற வெச்சப்பவே வாட்டம் தெரிஞ்சிது. இவரும் சொல்லி அனுப்பிச்சாரு. மலைக்காரங்க பேச்சக் கேட்டுக்கினு உம்பேச்சத் தட்டறதான்னு நெனச்சேன். நீ அங்க அத்தன பெரிய எடத்துல இருக்கற. நமக்கு ஒண்ணுன்னா தப்பா சொல்லுவியா?”

சடையனுக்குக் கோபம் வரவில்லை. கீழே இருந்து வருகிறவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள் என்பது அவருக்குப் பழகிப்போன விஷயம் போலிருக்கிறது. “மிச்சக் கெழங்கையும் சாப்புடுங்க, எறங்கறதுக்குத் தெம்பு வோணும்” என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. அழுதால் அண்ணன் என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவார், அதை என்னால் தாங்க முடியாது. காலையில் சைக்கிள் பம்பை நிறுத்தாமல் அவர் “சரி” என்றது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்கு இரண்டு மாதமாகவே தெரியும். தெரிந்துகொண்டே, நான் வந்து வேறு ஏதாவது காரணம் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்திருக்கிறார். மண்ணில் கோளாறு, குச்சியில் கோளாறு, எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நான் மட்டும் தப்பாக இருக்கக் கூடாது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தராசு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, இலையைச் சாம்பலாக்கி அதில் செம்பு எவ்வளவு என்று சொல்லும் இயந்திரம் இருக்கிறது. சடையனிடம் இருந்தது நாலு செடியும் சுற்றிலும் அடுக்கிய கல்லும். அவர் ஜெயித்தார் என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. தோற்றது நானாக மட்டும் இருந்திருந்தால் இன்னும் சுலபமாகச் சொல்லியிருப்பேன்.

கீழே இறங்கி வந்ததும், அன்னபேதியைத் தண்ணீரில் கரைத்தேன். கலங்காமல் இருக்க எலுமிச்சம்பழம் பிழிந்தேன். அண்ணி முறத்தை மறைப்பாகப் பிடித்துக்கொள்ள, விளக்குமாற்றுக் குச்சியால் தெளித்தேன். ஐந்து ஏக்கருக்கும் இல்லை. ஓரத்தில் வேர் அவ்வளவாகக் கெடாத நாலு செடிக்கு மட்டும். மலையில் படித்த பாடம். ஒரு வாரத்தில் பச்சை பிடித்தால், அடுத்த நடவுக்காவது இந்த நிலத்துக்கு என்ன தேவை என்று தெரிந்துவிடும்.

“அடுத்த நடவுன்னு ஒண்ணு இருந்தாத்தான?” என்றார் அண்ணி. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

மரங்களை அப்புறப்படுத்தி வண்டிகள் ஓட ஆரம்பித்த அன்றைக்கே நிலத்துக்காரர் கள்ளக்குறிச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். கெட்டவர் இல்லை. எனக்கு வணக்கம் சொன்னார், மலேசியாவில் மழை எப்படி என்று விசாரித்தார். வரப்பில் நின்றபடியே ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். அவருக்கும் அது ஒரு கைக்கே வந்துவிட்டது.

நான் முந்திக்கொண்டேன். இது அண்ணன் தப்பு இல்லை, நான் எழுதிய மருந்து, மண் தெரியாமல் எழுதிவிட்டேன், இரும்பு உப்பைத் தெளித்தால் அடுத்த வருடம் நன்றாக வரும், நாலு செடிக்குத் தெளித்திருக்கிறேன், பத்து நாள் பொறுத்துப் பாருங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அண்ணன் குறுக்கே வந்தார். “பாப்பா சொன்ன மருந்து நல்ல மருந்துதாங்க. நான்தான் ஜாஸ்தி வெச்சிட்டேன்.”

“இல்லண்ணே.”

“நீ சும்மா இரு.” அந்த ஒரு வாரத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அப்போது மட்டும்தான்.

நிலத்துக்காரர் செடியைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். “கரும்பு வெச்சிடலாம்னு இருக்கேன் தணிகாசலம். மூங்கில்துறைப்பட்டு மில்லுல பதிஞ்சிட்டேன். வேல இருக்கும், ஆளு வோணும். நீ எங்கயும் போவ வேணாம்” என்றார். அவர் அதை ஒரு உதவியாகத்தான் சொன்னார்.

அண்ணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “சரிங்க” என்றார். அந்தத் துண்டு அன்று வரைக்கும் அந்த நிலத்தில் தோளிலிருந்து இறங்கியதை நான் பார்த்திருக்கவில்லை.

நான் கிளம்பிய காலையில் அண்ணி மரவள்ளி ஜவ்வரிசியில் செய்த வடகம் ஒரு பை கட்டிக் கொடுத்தார். கடையில் வாங்கியது. வழியெல்லாம் சாலையின் இரண்டு பக்கமும் வெட்டிய மரங்களை உருட்டிப் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் சொல்லிக்கொண்டு வந்தார்: “மரம் போனா போவுது, பசங்களுக்கு வேல வந்துடும்.” பக்கத்தில் இருந்தவர், “வந்துடும் வந்துடும்” என்றார். வந்துவிட வேண்டும் என்று நானும் மனதார நினைத்தேன். அண்ணன் கைக் கொப்புளத்துக்காவது ஏதாவது கிடைக்க வேண்டும்.

ஜொகூருக்குத் திரும்பி வேலைக்குப் போனால் மேசையில் தட்டுத் தட்டாக இலைகள் காத்திருந்தன. பீட்டில் விளைந்த இலைகள், என் கண்ணுக்குப் பழகியவை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துவிட்டு, குறை இன்னதென்று எழுதத் தயங்கித் தயங்கி, ஒரு நாள் வேலையை மூன்று நாள் செய்தேன். வயதாகிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

தை பிறந்து சில நாளில் அண்ணன் கடிதம் வந்தது. எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பித்திருந்தார். எப்போதும் பேசுகிற மாதிரிதான் எழுதுவார்.

“நீ தெளிச்ச நாலு செடியும் எட்டாம் நாளு பச்ச புடிச்சிடிச்சி. ஒங்கண்ணி தெனம் போயி பாத்துக்கினு இருந்தா. பொறவு டிராக்டர் வுட்டு எல்லாத்தயும் சேத்து ஓட்டிட்டாங்க. இப்ப அங்க கரும்பு இருக்குது. நான் அதுல களை எடுக்கப் போய்க்கினு இருக்கறேன். கரும்பு எலயும் வெளுத்துக்கினு வருது. இன்னா வெக்கலாம்னு நெலத்துக்காரரு கேட்டாரு. எந்தங்கச்சியக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கறேன். இத்தோட ஒரு எல வெச்சிருக்கறேன். பாத்து எழுதவும்.”

கவருக்குள் கரும்பு இலைத் துண்டு இருந்தது. காய்ந்து, சுருண்டு, தொட்டால் நொறுங்கும் பதத்தில் இருந்தது.

காய்ந்த இலையைப் பார்த்து எனக்கு எதுவும் சொல்லத் தெரியாது என்று எழுத வேண்டும். எதுவானாலும் முதலில் நாலு தூருக்கு வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் மலைக்குப் போய்ச் சடையனைக் கேளுங்கள் என்று எழுத வேண்டும். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நான் எதை எழுதினாலும் அண்ணன் அதற்கு மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, அதில் இருக்கிறபடியே செய்துவிடுவார்.